அடுத்தவர் அரியணைக்கு அனுப்பிய படை

இரண்டாம் ராஜாதிராஜ சோழனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, காலமான ஓர் அமைச்சரின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்த செய்தியைச் சொல்வது. அந்த அமைச்சர் பெருமானம்பிப் பல்லவராயர். அவர் அரசனுக்குச் செய்த பணிகளை அடுக்கிக்கொண்டு வரும்போது போகிற போக்கில் ஒரு செய்தி வருகிறது: பாண்டிய நாட்டுக்குள் புகுந்த ஈழப்படையை முறியடித்து, அதன் தண்டநாயகர்களின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் தைத்தார்கள். இதே போரை இலங்கையின் சூளவம்சமும் விரிவாகப் பாடுகிறது. அதில் தளபதி இலங்காபுரன் ஊர் ஊராக வென்றுகொண்டே போகிறான். வென்ற இடங்களில் தன் அரசன் பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசை வழங்கவிடுகிறான். பிறகு அந்த நூல் போரின் முடிவைச் சொல்லாமலே நின்றுவிடுகிறது. இரு தரப்பும் வெற்றியை எழுதிவைத்திருக்கின்றன. இரு தரப்பும் எழுதாமல் விட்டது செலவுக் கணக்கு. அடுத்த நாட்டுச் சண்டைக்குப் படை அனுப்பியவர்களுக்கு என்ன ஆயிற்று, அழைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று, போர் நடந்த மண்ணில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க மதுரையைவிடத் தகுந்த ஊர் தென்னிந்தியாவில் இல்லை. படை அனுப்பிய தலைநகராகவும், அந்நியப் படை வந்திறங்கிய களமாகவும், கோட்டைக்குள் இருந்து தன்னைக் காத்துக்கொண்ட நகரமாகவும் அது மாறிமாறி இருந்திருக்கிறது.

கணக்கை மதுரை தொடங்கிவைத்ததிலிருந்தே எடுப்பதுதான் நேர்மை. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் கடல் கடந்து ஈழத்தின்மேல் போனான். முதலாம் சேனனின் ஆட்சி அது. அனுராதபுரம் கொள்ளைபோனது, பொன்னாலான புத்தர் சிலையும் மதுரைக்கு வந்தது. சின்னமனூர்ச் செப்பேடு அவனுடைய ஈழ வெற்றியைப் பெருமையாகச் சொல்கிறது. ஆனால் அடுத்த அரசன் இரண்டாம் சேனன் காலத்தில், அரசனோடு பிணங்கிய பாண்டிய இளவரசன் ஒருவன் உதவி கேட்டுக் கடல் கடந்து போனபோது, ஈழம் அந்த வாய்ப்புக்காகவே காத்திருந்தது. சிங்களப் படை மதுரையை முற்றுகையிட்டது. ஸ்ரீமாறன் காயம்பட்டு ஓடி மாண்டான். இளவரசன் அரியணை ஏறினான். புத்தர் சிலை திரும்பிப் போனது. கொண்டுவந்த பொன்னின் மதிப்பை எதிரே வைத்துப் பார்த்தால், ஒரு தலைமுறைகூட முடிவதற்குள் வந்த வட்டி அது. பிறகு திருப்புறம்பியத்தில் பாண்டியப் படை பெருந்தோல்வி கண்டது. அந்தக் களத்தில்தான் சோழர்களின் எழுச்சிக்கு வழி பிறந்தது.

அடுத்த நூற்றாண்டின் கதையில் வேடங்கள் மாறுகின்றன. முதலாம் பராந்தக சோழன் பாண்டிய நாட்டின்மேல் வந்தபோது மூன்றாம் ராஜசிம்மன் ஈழத்து ஐந்தாம் கசபனிடம் படை கேட்டான். படை வந்தது. வெள்ளூரில் நடந்த போரில் பாண்டியரும் ஈழத்தவரும் சேர்ந்தே தோற்றார்கள். மிஞ்சிய படையில் கொள்ளைநோய் பரவித் தளபதியே இறந்துபோனதாகவும், மிச்சமிருந்தவர்களைக் கசபன் திரும்ப அழைத்துக்கொண்டதாகவும் சூளவம்சம் சொல்கிறது. போர்க்களத்தில் செத்தவர்களைவிட முகாமில் செத்தவர்கள் அதிகமாக இருந்திருக்கக்கூடிய போர்கள் உலகில் நிறைய. தெரியாத தண்ணீர், தெரியாத பருவம் எல்லாம் வெளிநாட்டுப் படைக்குக் கூடுதல் எதிரிகள். ராஜசிம்மன் பிறகு தானே ஈழத்துக்கு ஓடினான். அங்கும் ஆதரவு நிலைக்காமல், பாண்டிய மணிமுடியையும் அரச சின்னங்களையும் அடைக்கலமாக வைத்துவிட்டுக் கேரளம் போய்விட்டான். அந்த மணிமுடிதான் இந்தக் கணக்கின் மிக விலை உயர்ந்த வரி. மதுரையில் முறையாக முடிசூட அது வேண்டுமென்று பராந்தகன் ஈழத்தின்மேல் படை அனுப்பினான். மணிமுடியோடு ஈழத்து அரசன் தென்னிலங்கையின் ரோகணத்துக்குத் தப்பினான். முதலாம் ராஜராஜன் காலத்தில் அனுராதபுரம் அழிந்தது. ராஜேந்திரன் காலத்தில், 1017 வாக்கில், பாண்டியன் வைத்துவிட்டுப் போன முடியோடு ஈழத்து அரசர் முடியும் அரசியர் முடியும் சோழர் கைக்கு வந்தன. ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டிலேயே இறந்தான். 1070இல் முதலாம் விஜயபாகு மீட்கும்வரை பொலன்னறுவை சோழர் வசம் இருந்தது. சோழப் பேரரசின் விரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு; மாதோட்டத்து வணிகமும் மன்னார் முத்தும் இல்லாமல் இவ்வளவு ஆசை வந்திருக்காது. ஆனால் போர் தொடுக்க ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆயத்தமான காரணத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தது, நட்புக்காக ஏற்றுக்கொண்ட அந்த அடைக்கலப் பொருள்.

இந்த அனுபவம் பொலன்னறுவையில் மறந்துபோயிருக்க முடியாது. இருந்தும் ஒரு நூற்றாண்டு கழித்து முதலாம் பராக்கிரமபாகு அதே கதவைத் திறந்தான். மதுரையில் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் அரியணைச் சண்டை. 1160களின் இறுதியில் குலசேகரன் மதுரையை முற்றுகையிட, பராக்கிரமன் ஈழத்துக்கு ஆள் அனுப்பினான். ஈழப்படை கப்பலேறும் முன்பே மதுரை விழுந்துவிட்டது. உதவி கேட்டவனும் அவன் மனைவி மக்களும் கொல்லப்பட்டார்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். யாரைக் காப்பாற்றப் படை திரட்டப்பட்டதோ அவனே இல்லை என்றான பிறகு படை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கொலையுண்டவனின் உயிர்தப்பிய மகன் வீரபாண்டியனை அரியணையில் அமர்த்துவது புதிய நோக்கமாயிற்று. படை திரட்டியாகிவிட்டது, கப்பல் தயாராகிவிட்டது என்பதே ஒரு காரணமாகிவிடுகிறது. ராமேசுவரம் பிடிபட்டது; அதே தீவில் குந்துகாலில் பராக்கிரமபுரம் என்று அரசன் பெயரில் கோட்டை எழுந்தது. ஒரு போருக்காகப் போகிறவன் கோட்டை கட்டிப் பெயரும் வைத்தால் திரும்பிப் போகும் எண்ணம் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

சூளவம்சத்தில் அடுத்து வருகிற ஊர்ப்பெயர்களை இன்றைய சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களின் பேருந்துப் பலகைகளில் படிக்கலாம்: செம்பொன்மாரி, நெட்டூர், மானாமதுரை, பொன்னமராவதி. பொன்னமராவதியில் மூன்று நிலை மாளிகையையும் பல வீடுகளையும் நெல் நிறைந்த களஞ்சியங்களையும் எரித்தோம் என்று வென்றவர்களே எழுதியிருக்கிறார்கள். பிறகு மக்களின் அச்சம் தீரப் பறையறைந்தார்களாம். பிடிபட்ட தமிழர்களைக் கடல் கடத்தி அனுராதபுரத்துப் பெருந்தாதுகோபத்தைச் செப்பனிடும் வேலைக்கு அனுப்பியதும் அதிலேயே இருக்கிறது. நெல்லும் ஆளும் போன பிறகு இந்தச் சமவெளியில் என்ன மிஞ்சும் என்பதை வைகைக் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இது காவிரிப் படுகை மாதிரி ஆற்றை நம்பிய நிலம் இல்லை. மழை நாட்களில் வருகிற தண்ணீரைக் கண்மாயில் பிடித்து, மடை திறந்து, ஒரு போகத்தைக் கரையேற்றுகிற நிலம். கண்மாய்க்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும்: வரத்துக்கால் வெட்ட, கரையை உயர்த்த, கலுங்கைச் சரிபார்க்க. இரண்டு பருவம் ஊரில் ஆள் இல்லையென்றால் கரை உடையும். மேல் கண்மாய் உடைந்தால் சங்கிலியாகக் கீழ் கண்மாய்களும் போகும். எந்த மெய்க்கீர்த்தியிலும் உடைந்த கண்மாய்களின் எண்ணிக்கை கிடையாது. விதைநெல்லே எரிந்துபோன நாட்டில் அது எப்படி இருந்திருக்கும் என்று கணிப்பது கடினமும் இல்லை.

சோழர் பக்கம் முதலில் தற்காப்பாகத்தான் தொடங்கியது. தொண்டி, பாசி வரை ஈழப்படை வந்துவிட்டது. காஞ்சிபுரத்துக்கு அருகே ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு, சிற்றரசன் எதிரிலிசோழச் சம்புவராயன் அஞ்சிப்போய், உமாபதிதேவர் என்னும் சிவாச்சாரியாரிடம் முறையிட்டதையும், அவர் 28 நாள் பூசை செய்ததையும், பகைவர் தோற்ற செய்தி வந்ததும் அவருக்கு ஆர்ப்பாக்கத்தையே கொடுத்ததையும் சொல்கிறது. போர்ச் செலவில் இதையும் சேர்க்கலாம். அச்சம் உண்மையானது, படையை எல்லைக்கு அப்பால் தள்ளியதும் நியாயமானது. சோழர்கள் அங்கே நின்றிருந்தால் தாய்நாட்டுப் பாதுகாப்பு என்ற கணக்கு அத்தோடு முடிந்திருக்கும். அவர்கள் மதுரை வரை போய்க் குலசேகரனை அரியணையில் வைத்தார்கள். வைக்கப்பட்ட குலசேகரன் சிறிது காலத்திலேயே ஈழத்தோடு உறவு பேசத் தொடங்கினான். சோழர்கள் அவனைத் துரத்திவிட்டு, யாருக்காக ஈழம் படையெடுத்ததோ அதே வீரபாண்டியனை அமர்த்தினார்கள். கொஞ்ச நாளில் வீரபாண்டியனும் ஈழப் பக்கம் சாய்ந்தான். மூன்றாம் குலோத்துங்கன் வந்து அவனை நீக்கி விக்கிரம பாண்டியனை வைத்தான். அரசர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்நியப் படையால் அமர்த்தப்பட்டவன் தன் குடிகள் முன் அரசனாக நிற்க வேண்டுமானால் அந்தப் படைக்கு எதிராக ஒரு நாளாவது நின்றாக வேண்டும். இல்லையென்றால் அவன் அரசன் இல்லை, காவல்காரன். தலையிட்டவர்கள் இதை நன்றிகெட்டத்தனம் என்றே எழுதிவைக்கிறார்கள். நன்றியைவிட ஆழமான ஒரு விதி இங்கே வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது. தற்காப்புக்கு முடிவு உண்டு. எல்லைக்கு வெளியே பகைவன் போனதும் வீடு திரும்பலாம். அடுத்த நாட்டில் தன் ஆளை அமர்த்துவதற்கு முடிவே இல்லை. அவன் இருக்கும்வரை காவல், அவன் மாறினால் மறுபடி படையெடுப்பு.

இலங்கை கொடுத்த விலையைப் பார்ப்போம். பராக்கிரமபாகு பெரிய நீர்ப்பாசன அரசன். பராக்கிரம சமுத்திரம் இன்றும் அவன் பெயரில் இருக்கிறது. பர்மாவுக்கும் படை அனுப்பினான், பாண்டிய நாட்டுக்கும் அனுப்பினான். 1186இல் அவன் இறந்தபின் வந்த நிசங்கமல்லன், முந்தைய அரசன் காலத்து மிகையான வரியால் நொந்த மக்களுக்கு வரியைத் தள்ளிக்கொடுத்ததாகத் தன் கல்வெட்டுகளில் சொல்லிக்கொண்டான். புது அரசன் பழைய அரசனைக் குறைத்துச் சொல்வது வழக்கம்தான்; அதைக் கழித்துவிட்டாலும் வரிச்சுமை பற்றிய குறிப்பு மிஞ்சுகிறது. அதன் பிறகு 30 ஆண்டுக்குள் அரியணை ஏறி இறங்கியவர்கள் பலர். அரசி லீலாவதி மட்டும் மூன்று முறை அமர்த்தப்பட்டாள். 1212இல் பாண்டிய நாட்டிலிருந்து வந்த ஒரு பராக்கிரம பாண்டியன் பொலன்னறுவையைப் பிடித்து மூன்று ஆண்டு ஆண்டான். மதுரைக்கு அரசனை அனுப்பப் பார்த்த நகரத்துக்கு மதுரைப் பக்கத்திலிருந்து அரசன் வந்துசேர்ந்தான். 1215இல் கலிங்க மாகன் வந்து அவனைக் குருடாக்கி நாட்டைப் பிடித்தபோது எதிர்த்து நிற்கும் வலு பொலன்னறுவையில் இல்லை. வடமத்திய ஏரிகளின் நாகரிகம் சரியத் தொடங்கியது அப்போதுதான். தட்பவெப்பம், நோய், உள்நாட்டுப் பூசல் என்று அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். பாண்டியப் போர் மட்டுமே காரணம் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் வாய்க்கால் காக்க வேண்டிய ஆட்களும் கரை காக்க வேண்டிய கப்பல்களும் ஆண்டுக்கணக்கில் வேறு கரையில் செலவழிந்தன என்பதைத் தவிர்த்துவிட்டு அந்தச் சரிவைப் புரிந்துகொள்ள முடியாது.

சோழர்களின் கணக்கு இதைவிடத் தெளிவானது. மதுரைக்குத் திரும்பத் திரும்பப் படை கொண்டுபோன மூன்றாம் குலோத்துங்கன், கடைசிப் படையெடுப்பில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, கழுதை ஏர் பூட்டி உழுது, கவடி விதைத்தான். அங்கேயே வீராபிஷேகமும் செய்துகொண்டான். அவமானம் ஒருபோதும் செலவில்லாத ஆயுதம் இல்லை. 1216இல் மதுரையில் முடிசூடிய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தினான். இடிக்கப்பட்ட சோழர் மாளிகைகளுக்கும் அதே கழுதை ஏர் வந்தது. பட்டினப்பாலை பாடிய புலவருக்குச் சோழன் பரிசளித்த பதினாறுகால் மண்டபம் ஒன்றைத் தவிர வேறு எதையும் விட்டுவைக்கவில்லை என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. எதிரியின் நாட்டில் எல்லாவற்றையும் எரித்துவிட்டுத் தமிழுக்காக ஒன்றை விட்டுவைத்தான் என்பதில் நமக்குப் பெருமை கொள்ள இடம் இருக்கலாம். எரிந்த ஊர்க்காரர்களுக்கு இருந்திருக்காது. இடிந்துபோன சோழனைக் காப்பாற்ற வந்த கன்னட நாட்டுப் போசளர்கள் 'சோழ ராச்சியத்தை நிலைநிறுத்தியவர்' என்று பட்டம் வாங்கிக்கொண்டார்கள். பிறகு சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் தலைநகரே வைத்துத் தமிழ்நாட்டு அரசியலில் ஊறினார்கள். அதன் முடிவில் போசள அரசன் சோமேசுவரன் பாண்டியரோடு போரிட்டு உயிரிழந்தான்; போசள நாடே இரு மகன்களிடையே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 1279க்குப் பிறகு சோழப் பேரரசே இல்லை.

தலையீட்டையும் தாய்நாட்டுக் காவலையும் ஒரே காட்சியில் வைத்துப் பார்க்க 1311ஐவிடப் பொருத்தமான ஆண்டு கிடையாது. மாறவர்மன் குலசேகரன் இறந்தபின் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்கு மோதிக்கொண்டார்கள். போசள மூன்றாம் வல்லாளன் இதில் ஆதாயம் பார்க்கப் படையோடு தெற்கே வந்தான். அதே நேரம் அலாவுதீன் கல்ஜியின் தளபதி மாலிக் கபூர் தக்காணத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தான். வல்லாளன் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டுத் தெரிந்தெடுத்த குதிரைப்படையோடு விரைந்து போசளத் தலைநகர் துவாரசமுத்திரத்தை அடைந்தான். பதறித் திரும்பிய வல்லாளனுக்குப் போரிட நேரமும் இல்லை, படைக்குத் தெம்பும் இல்லை. பொன்னும் யானையும் குதிரையும் கொடுத்துப் பணிந்தான். பாண்டியர் சண்டையில் பங்கு கேட்கப் போனவன், பாண்டிய நாட்டுக்கு வழி கிடைக்க உதவியவனாகவும் ஆனான். மதுரை கொள்ளைபோனது. டில்லி வரலாற்றாசிரியர் பாரனி 612 யானைகளும் 20,000 குதிரைகளும் போயின என்கிறார். கவிஞர் அமீர் குஸ்ரு 512 யானைகளும் 5,000 குதிரைகளும் என்கிறார். இரண்டு எண்ணில் எது சரியானாலும், இந்தக் குதிரைகள் எப்படி வந்தன என்பது தனிக் கதை. பாண்டிய அரசர்கள் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவதாகவும் ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு இருப்பதில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கில் கடல்வழி இந்தப் பக்கம் வருவது ஆண்டுக்கு 10,000. முத்து விற்ற காசெல்லாம் அரபுக் குதிரையாகி, மற்றவர் நாட்டுக்குப் போக வைத்திருந்த அந்தப் படை, சொந்த வாசலில் உதவவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று: மாலிக் கபூரால் வீர பாண்டியனைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. ஊர் தெரிந்தவன் ஊருக்குள் மறைந்துகொண்டான். எதிர்பாராத மழை வந்தவனை அலைக்கழித்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மாலிக் கபூருக்கு நஷ்டம் எங்கே? டில்லிக்குப் பொன் போனதே? உண்மை, கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிப் போகிறவனுக்குச் செலவு குறைவு. தலையீட்டின் விலை தங்குவதில்தான் ஏறுகிறது. டில்லி அடுத்தபடியாக மதுரையை ஆளவும் முனைந்தது. முகமது பின் துக்ளக் அமர்த்திய ஜலாலுதீன் அசன் கான் 1335 வாக்கில் தானே சுல்தான் ஆனான். அவனை அடக்க நேரில் புறப்பட்ட துக்ளக்கின் படை வாரங்கல்லில் கொள்ளைநோயில் சிக்கிப் பாதி வழியில் திரும்பியது. அதற்குப் பிறகு தெற்கே அடுத்தடுத்து மாகாணங்கள் கையைவிட்டுப் போயின. வெள்ளூருக்கு நாலு நூற்றாண்டு கழித்தும் அதே நோய், அதே திரும்புதல், அதே ஆள் மாறுதல். அழைத்தவர்களின் கதையும் மாறவில்லை. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் விஜயநகர அரசனுக்கு எதிராகச் சுல்தான்களை நாடினார். வந்த பீஜப்பூர்ப் படைக்குக் கடைசியில் மதுரையே கப்பம் கட்ட வேண்டியதாயிற்று.

தன் மண்ணைக் காப்பதும் இலவசம் இல்லை. விசுவநாத நாயக்கர் காலத்து மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளம். ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பது மரபு. அந்தந்தப் பாளையத்து நிலத்திலிருந்து படைக்குச் சோறு போட்ட ஏற்பாடு இது. நடுவண் கருவூலத்துக்கு இது மலிவு, ஆனால் பாளையக்காரர்கள் பின்னாளில் தனித்தனி அரசாகிவிட்ட சிக்கலையும் இதுவே கொண்டுவந்தது. அந்தக் கோட்டையின் வலு 1764இல் தெரிந்தது. ஆற்காட்டு நவாபுக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் எதிராகக் கான் சாகிபு யூசுப் கான் மதுரைக்குள் இருந்து நின்றபோது, கும்பினிப் படை ஜூன் மாதம் மதிலேறப் பார்த்துப் பெருஞ்சேதத்தோடு பின்வாங்கியது. பட்டினி போட்டும், உள்ளிருந்த சொந்த ஆட்கள் காட்டிக்கொடுத்தும்தான் அக்டோபரில் அவரைப் பிடித்துத் தூக்கிலிட முடிந்தது. சிறு படை, பழகிய மதில், அருகிலேயே உணவு. எதிரே கடல் கடந்து வந்த பீரங்கியும் கடன் வாங்கிய நவாபும். யாருக்கு எவ்வளவு செலவு என்பதற்கு நவாபின் கடன் கணக்கே சாட்சி. அந்தக் கடன்தான் 1801இல் கர்நாடக ஆட்சி முழுவதையும் கும்பினி விழுங்க வழிவிட்டது. கோட்டை 19ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் கலெக்டர் காலத்தில் இடிபட்டு, அதன் இடத்தில் வெளி வீதிகள் வந்தன.

பழங்கதை பேசிக்கொண்டே இருந்தால் வசதியாகத் தப்பித்துக்கொள்ளலாம். 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு ஈழத்து அகதிகள் மண்டபம் முகாமில் வந்திறங்கினார்கள், தமிழ்நாடே கொதித்தது. 1986 மே 4 அன்று மதுரையில் நடந்த, தமிழீழ ஆதரவாளர் அமைப்பான டெசோவின் மாநாட்டுக்கு வாஜ்பாயும் என்.டி.ராமராவும் வந்தார்கள், டில்லி ஏதாவது செய்ய வேண்டும் என்பது அன்று கட்சி கடந்த குரல். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் போன இந்திய அமைதிப் படை, காக்கப் போன தமிழர் தரப்போடு அக்டோபரில் போரிடத் தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் வான்வழி இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் ஏறக்குறைய முழுதாக மாண்டார்கள். யாழ் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் இந்தியப் படையினரால் சுடப்பட்டு இறந்தார்கள். உச்சத்தில் 70,000க்கும் மேற்பட்ட வீரர்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200. 1989இல் இலங்கை அதிபர் பிரேமதாசா வெளியேறச் சொன்னார். தன் அரசோடு போரிட்ட விடுதலைப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்து இந்தியாவை எதிர்க்க வைத்தார். இந்தியாவின் பாதுகாப்பில் வடகிழக்கு முதல்வராக இருந்த வரதராஜப் பெருமாள் 1990 மார்ச் 1 அன்று ஈழப் பிரகடனத் தீர்மானம் கொண்டுவந்துவிட்டு இந்தியாவுக்கு வந்துசேர்ந்தார். குலசேகரனும் வீரபாண்டியனும் எட்டு நூற்றாண்டுக்கு முன்பு நின்ற அதே இடம் இது. மார்ச் 24இல் அமைதிப் படையினரோடு கடைசிக் கப்பல் வந்தது. முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அடுத்த ஜனவரியில், புலிகளுக்கு இடம்கொடுத்ததாகச் சொல்லி அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஒரு தலையீட்டின் பட்டியலில் மாநில ஆட்சியும் முன்னாள் பிரதமரின் உயிரும் வரும் என்று 1987இல் எந்த அதிகாரியின் கோப்பிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

வலுவான மறுப்பு இதுதான்: பகைவனை நம் வாசலில் சந்திப்பதைவிட அவன் முற்றத்தில் சந்திப்பது நல்லது; பராக்கிரமபாகுவுக்குச் சோழர் பொலன்னறுவையை ஆண்ட நினைவு இருந்தது, பாண்டிய நாடு சோழர் கைக்குப் போனால் அடுத்தது தன் நாடு என்று அவன் அஞ்சியதில் தவறென்ன? அச்சத்தில் தவறில்லை. ஆனால் 1160களில் இருந்த சோழம் ராஜேந்திரன் காலத்துச் சோழம் இல்லை. சம்புவராயர் போன்ற சிற்றரசர்களின் தோளில் நின்ற அரசு. ஈழம் அப்போது அஞ்சியதற்கு ஆதாரம் குறைவு, அஞ்சவைத்ததற்குப் பின்னாலே வந்த ஆதாரம் அதிகம். தலையிட்ட பிறகு சோழர்கள் ஈழத்து அரியணைக்கு உரிமை கேட்ட பராக்கிரமபாகுவின் மருமகன் ஸ்ரீவல்லபனைத் தங்கள் பக்கம் வைத்து, ஊராத்துறை, மாதோட்டம் வரை படை அனுப்பி யானைகளைப் பிடித்துவந்தார்கள். பாண்டிய இளவரசனை ஈழம் வைத்துக்கொள்ள, ஈழத்து இளவரசனைச் சோழம் வைத்துக்கொண்டது. முன்கூட்டித் தடுப்பதாகச் சொல்லிப் போன போர், இல்லாத பகையை வாசலுக்கே அழைத்துவந்தது. கடற்கரையில் கப்பலும் துறையில் கோட்டையும் வைத்திருக்க அந்தச் செலவில் ஒரு பங்கு போதும்.

அப்படியானால் பக்கத்து வீட்டில் கொலை விழும்போதும் கதவைச் சாத்திக்கொள்வதா என்று கேட்கலாம். 1971ஐயும் சுட்டலாம். அந்த ஆண்டு கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்துவிட்டிருந்தார்கள்; டிசம்பர் 3 அன்று இந்திய விமானத்தளங்களின்மேல் குண்டு விழுந்தது. படை போனது, 16ஆம் தேதி டாக்காவில் சரண் கையெழுத்தானது, 1972 மார்ச்சில் இந்தியப் படை அங்கிருந்து கிளம்பிவிட்டது. தன் மண்ணைக் காப்பதும் அடுத்தவர் மண்ணில் நுழைவதும் அன்று ஒன்றாகவே அமைந்தன. அங்கே ஆட்சிக்கு வந்தவர்கள் 1970 தேர்தலில் அவர்கள் நாட்டு மக்களே வாக்களித்துத் தேர்ந்தவர்கள், டில்லி தேடிப்பிடித்த ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பும் தேதி மாதக்கணக்கில் வந்தது. இந்த மூன்றில் 1987இல் எதுவும் இல்லை. அகதிக்குச் சோறும் கூரையும் கொடுப்பதற்கும், தூதர்கள் மூலம் நெருக்குவதற்கும், கடலைக் காவல் செய்வதற்கும் மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் இடம் இருந்தது. அதற்கு ஆன செலவு ஒவ்வோர் ஆண்டும் அரசின் வரவுசெலவில் வரிவரியாகக் காணக்கூடியது, மக்கள் மன்றத்தில் கேள்வி கேட்கக்கூடியது. படை போன பிறகு ஆகும் செலவு அப்படிக் கண்ணில் படாது. பொன்னமராவதிக் களஞ்சியத்தில் எரிந்த நெல்லை எழுதியவர்கள் எரித்தவர்கள்தான், அதுவும் வெற்றிச் செய்தியாக. அந்த நெல்லுக்கு உரியவர்கள் யாரிடம் கணக்குக் கேட்க முடிந்தது என்பதை இரு தரப்புச் சான்றுகளில் எதுவும் சொல்வதில்லை.